முதுகில் மண் ஒட்டாதவன்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து ஹேவாஹெட்டப் பக்கத்தில் விழாமல் நிற்பது ஒன்றே ஒன்றுதான், அது பழனியாண்டி. மண்மேடு விழுந்திருக்கிறது. லயத்து வீட்டுக் கூரை விழுந்திருக்கிறது. தேயிலை விலை விழுந்திருக்கிறது. ஒரு மே தினத்தன்று சங்கத் தலைவர்கள் மூன்று பேர் மேடையோடு சேர்ந்து விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே பேச்சை முடித்திருக்கிறார்கள். பழனியாண்டி மட்டும் விழவில்லை.

இதைச் சொன்னவன் பழனியாண்டி. சொல்லும்போது முகத்தில் சிரிப்போ வெட்கமோ மருந்துக்கும் கிடையாது. தேசியகீதத்துக்கு எழுந்து நிற்பவனைப்போல நின்றுகொண்டு சொன்னான். அவன் பிறந்ததே சுதந்திரத்துக்கு முப்பத்தெட்டு வருஷம் கழித்துத்தான் என்பதை யாரும் எடுத்துக்காட்டவில்லை. எண்பத்தைந்து கிலோ உடம்பு. அப்படிப்பட்ட உடம்பு தன் பிறப்புக்கு முந்திய காலத்துக்கும் சேர்த்துப் பொறுப்பேற்றால் கேட்டுக்கொண்டிருப்பதுதான் மரியாதை.

சொன்ன இடம் கட்டுகஸ்தோட்டையில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடி மண்டபம். கேட்டுக்கொண்டிருந்தவர் ஹாஷிம். பகலில் தையல் மெஷின் திருத்துகிறவர். பின்னேரம் ஐந்தரை மணிக்கு மேல் ஜூடோ மாஸ்டர். இரண்டு தொழிலுக்கும் ஒரே முகத்தைத்தான் வைத்திருந்தார்: எங்கேயோ ஒரு ஆணி கழன்றிருக்கிறது, எங்கே என்று பார்ப்போம் என்கிற முகம்.

"மாஷா அல்லாஹ்," என்றார் ஹாஷிம். "அப்ப ஒங்களுக்கு மொதல்ல விழப் படிச்சுத் தரணும்."

"விழவா? விழாம இருக்கத்தானே மாஸ்டர் வந்தேன்."

"விழாம ஈக்கிறதுக்கு எதுக்கு தம்பி இங்க வாற? ஊட்டுல பாய விரிச்சுப் படுத்தா போதுமே. மூணு மாசம் விழுங்க. அதுக்குப் பொறகு மத்தவங்கள விழுத்துறதப் பத்திப் பேசுவோம்."

பழனியாண்டி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். பழைய பஞ்சு மெத்தைகளை வரிசையாகப் போட்டு, மேலே லொறியை மூடுகிற படங்கை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன்மேல் பத்துப் பன்னிரண்டு பேர், வெள்ளை உடுப்புப் போட்ட வளர்ந்த மனிதர்கள், குந்தியிருந்து பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் படங்கை அறைந்து, மறுபடி எழுந்து குந்தினார்கள். அறைகிற சத்தம் கீழே இரும்புக் கடைவரை கேட்டது. கேட்டும் கடைக்காரர் வாடகையைக் கூட்டாதது அவருடைய பெருந்தன்மை.

"இதுக்கா மாஸ்டர் மூணு மாசம்? குடிச்சவன் ஒரு நாள்ல படிச்சிர்றானே."

"குடிச்சவன் விழுறத ஒழுங்காப் பாருங்க. அவனுக்கு ஒடையாது. ஏன்? பயமில்ல. ஒங்களுக்குப் பயம் ஈக்கு."

பயம் என்ற சொல்லைத் தன்னோடு சேர்த்துக் கேட்டது பழனியாண்டிக்கு அதுவே முதல் தடவை. மன்னித்துவிட்டான். ஏனென்றால் அவனுக்கு அந்த மஞ்சள் பெல்ட் வேண்டும்.

யுத்தம் முடிந்து இரண்டு வருஷமாகியிருந்தது. கண்டியைச் சுற்றி மேடு என்று ஒன்று இருந்தால் அதன்மேல் ஒரு ஹோட்டல் முளைத்துக்கொண்டிருந்த காலம். அம்பிட்டிய மேட்டில் புதிதாகத் திறந்த ஒன்றில் காவலாளிகள் வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்: ஜூடோ மஞ்சள் பெல்ட் சான்றிதழ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. பழனியாண்டி முஹைதீன் முதலாளியின் அரிசிக் கடையில் நாட்டாமை. லொறியிலிருந்து மூட்டையை இறக்கி, பிடரியில் ஏற்றி, கடைக்குள் அடுக்குகிற வேலை. அந்த வேலையில் நாற்பது வயதில் ஒருவரும் இல்லை. நாற்பது வயதுக்காரர்கள் எங்கே போகிறார்கள் என்று அவன் கேட்டதில்லை. ஆற்றுப் பாலத்தடியில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிற இருவரை அவனுக்குத் தெரியும். ஹோட்டல் வாசலில் காவல் கூடு இருந்தது. அதற்குள் ஒரு கதிரை இருந்தது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறான். அந்தக் கதிரையில் உட்கார்ந்துவிட்டால், கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை எடுத்து, இன்னும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் தன் அம்மா அழகம்மாவைக் கீழே கொண்டுவந்துவிடலாம். அவளுடைய முழங்கால் இரண்டும் போன மழையோடு போய்விட்டன. அவனுக்கு வேண்டியது இவ்வளவுதான். அதற்கு இடையில் நின்றது மூன்று மாத விழுகை.

மண்டபத்தில் இன்னொருவன் இருந்தான். இராமையா. முப்பது வயது. மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிறவன். அதற்குச் சம்பளம் உண்டு. கூட்டித் துடைத்து முடித்ததும் விழுகிறவன். அதற்கு மரியாதை உண்டு என்று சொல்லப்பட்டது. ஜூடோவில் ஒருவன் தூக்கி எறிந்து காட்டவேண்டுமென்றால் எறியப்பட ஒருவன் வேண்டும். டவுன் பெரிய பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் பெல்ட் பரீட்சைக்குப் போகும்போது இராமையாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவன் விழுந்து கொடுத்தால் எப்பேர்ப்பட்ட சோனியும் வீரனாகத் தெரிவான். இப்படி அவனுடைய முதுகின் மேலேறி ஒன்பது வருஷத்தில் நாற்பது பேர் பச்சை, நீலம் என்று வாங்கிப் போனார்கள். இராமையா மட்டும் ஒன்பது வருஷமாக மஞ்சள். அவனுக்கு அடுத்த பெல்ட்டைக் கொடுக்கக் கூடாது என்றில்லை. கொடுத்துவிட்டால் பிறகு யார் விழுவது என்பதுதான் ஜூடோ சங்கத்தின் கவலை. கமிட்டி கூடும்போதெல்லாம் இதைப் பற்றி மனம் வருந்திப் பேசிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தார்கள்.

பழனியாண்டிக்கு இராமையாவைக் கண்ட முதல் நாளே பிடித்துப் போய்விட்டது, சீண்டுவதற்கு.

"என்னாண்ணே, இன்னைக்கு எத்தன பேருக்கு விழுந்தீங்க?"

"பதினொன்னு தம்பி."

"வீட்டுல அண்ணி கேட்டா என்னான்னு சொல்லுவீங்க? பதினொரு பேருகிட்ட தோத்துட்டு வாறேன்னா?"

"தோக்கல. விழுந்தேன்."

"ரெண்டுக்கும் என்னாண்ணே வித்தியாசம்?"

இராமையா நின்று யோசித்தான். எதைக் கேட்டாலும் யோசித்துப் பதில் சொல்வது அவன் பழக்கம். "தோத்தா வலிக்கும்," என்றான்.

பழனியாண்டி மற்றவர்களைப் பார்த்து, "மனுசன் பொறந்ததுலருந்து எந்திரிச்சு நிக்கப் பழகுறான். அண்ணன் திருப்பிப் பழகிக்கிட்டு இருக்காரு. இன்னும் கொஞ்ச நாள்ல தவழுவாரு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இராமையாவும் சிரித்தான், சிரிக்காமல் இருந்தால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும்.

பழனியாண்டியின் சொந்தப் பயிற்சி இப்படி நடந்தது. ஹாஷிம் அவனைக் குந்தச் சொன்னார். குந்தினான். "நாடிய நெஞ்சோட ஒட்டுங்க. பெல்ட் முடிச்சப் பாருங்க. பின்னால போங்க." பழனியாண்டி மோவாயை ஒட்டினான், முடிச்சைப் பார்த்தான், பின்னால் மட்டும் போகவில்லை. ஹாஷிம் நெஞ்சில் ஒரு விரலை வைத்துத் தள்ளினார். பழனியாண்டி அந்தரத்தில் பூனையைப்போல உடம்பைத் திருப்பி, இரண்டு கையையும் முழங்காலையும் ஊன்றி, முகத்தைத் தரைக்குக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். முதுகு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"விழல மாஸ்டர்."

"கைய ஊண்டாதீங்க. கைய ஊண்டினா மணிக்கட்டு போகும், இல்லாட்டி தோள் எலும்பு போகும். நூத்துல தொண்ணூறு முறிவு இப்பிடித்தான்."

பத்துத் தடவை தள்ளினார். பத்துத் தடவையும் அதே நாலுகால் மரியாதை. முன்னால் உருளுவதிலும் அதே கதை. வலது கையை வில்லாக வளைத்து, முழங்கையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து குறுக்கே இடது இடுப்புக்கும் சக்கரம்போல உருண்டு எழும்ப வேண்டும். பழனியாண்டியின் சக்கரம் கையிலேயே நின்றுவிடும். எட்டாம் வாரம் வலது மணிக்கட்டு பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியது. எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு கடைக்குப் போனான். முஹைதீன் முதலாளி கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தார்.

"கையில என்ன?"

"ஜூடோ, முதலாளி."

"கை ஒன்ட. மூட்ட என்ட. ஒன்ட கைக்கு என்ன வேணும்னாலும் ஆகட்டும். என்ட மூட்ட கீழ விழக் கூடா."

"நான் மூட்டைய கீழ போட்டதே இல்ல முதலாளி."

"அதான் ஒன்ன வச்சிருக்கேன்," என்றார் முதலாளி. மூன்று வருஷத்தில் அவர் சொன்ன ஒரே பாராட்டு அது. பழனியாண்டி மத்தியானம்வரை சந்தோஷமாக இருந்தான்.

அன்று பின்னேரம் எல்லோரும் போன பிறகு இராமையா படங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். பழனியாண்டி சுவரோரமாக மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

"தம்பிக்கு எந்தத் தோட்டம்?" என்று இராமையா துடைப்பத்தைப் பார்த்துக் கேட்டான்.

"ஹேவாஹெட்டப் பக்கம்."

"அம்மா கொழுந்தா?"

"ஆமா. ஏன்?"

"அதானே பாத்தேன். ஒங்க முதுகுல இன்னும் கொழுந்துக் கூட இருக்கு."

பழனியாண்டி தன்னை அறியாமல் தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனான்.

"எங்கம்மாவும் அப்பிடித்தான்," என்றான் இராமையா. "சறுக்குனா முன்னாலதான் விழும். முட்டி ரெண்டும் பேந்துரும். கூட மட்டும் நேரா நிக்கும்."

அது எல்லாத் தோட்டத்துக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததால் யாரும் பேசுவதில்லை. மழை பெய்த சரிவில் கால் வழுக்கினால் பின்னால் சாயக்கூடாது. பின்னால் சாய்ந்தால் கூடை கவிழும். கொழுந்து சேற்றில் கொட்டும். கொட்டின கொழுந்தை நிறுக்க மாட்டார்கள். ஆகவே கையையும் முழங்காலையும் கொடுத்துவிட்டு முதுகைக் காப்பாற்ற வேண்டும். பத்து வயதில் லீவு நாட்களில் அம்மாவோடு மலைக்குப் போனபோது பழனியாண்டிக்கு அழகம்மா சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: "விழுந்தா முன்னால விழு. தோலு திரும்ப மொளைக்கும். கொழுந்து மொளைக்காது." மலையில் யாராவது விழுந்துவிட்டால் மற்றவர்கள் ஓடிவந்து கேட்கிற முதல் கேள்வி, சிந்துச்சா என்பதுதான். சிந்தவில்லை என்றால் எழும்பி அடுத்த நிரைக்குப் போக வேண்டியது. சிந்தாத விழுகையை அங்கே விழுகையாக யாரும் மதிப்பதில்லை. அந்த முறைப்படி பார்த்தால் பழனியாண்டி சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அவன் நூறு தடவை தரையில் கிடந்திருக்கிறான். ஒரு தடவையும் விழுந்ததில்லை. பிறகு கூடை போய் மூட்டை வந்தது. முதுகுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

"இப்ப என்னா செய்யிறதுங்கிறீங்க?" என்றான் பழனியாண்டி.

"நாளைக்கு வரக்குள்ள ரெண்டு கைப்பிடி அரிசி கொண்டாங்க."

"சோறாக்கவா?"

"கொண்டாங்களேன்."

மறுநாள் கடையில் மாதிரிக்கு வைத்திருந்த கீரிச் சம்பாவில் இரண்டு கைப்பிடி அள்ளிக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தான். வகுப்பு முடிந்ததும் இராமையா அவனுடைய இரண்டு உள்ளங்கையிலும் அரிசியைக் கொட்டி, விரல்களை மூடினான்.

"இதுதான் கொழுந்து. முதுகுல ஒன்னும் இல்ல. கையிலதான் இருக்கு. ஒரு மணி சிந்தக்கூடாது."

"பைத்தியக்கார வேலையா இருக்கேண்ணே."

"நாடி," என்றான் இராமையா, தள்ளினான்.

பழனியாண்டி விழுந்தான். கை ஊன்றப் போனது. போன கையில் அரிசி இருந்தது. பதினைந்து வருஷப் பழக்கம் ஒரு கணம் திகைத்து நின்று, கையை மூடிக்கொண்டு நெஞ்சோடு ஒடுங்கியது. முதுகு போய்த் தரையில் பட்டது. பட்டு, உருண்டு, நின்றது. பழனியாண்டி மல்லாந்து கிடந்து கூரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தான். பின்னால் கூடை நசுங்குகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான். சத்தம் வரவில்லை. முதுகு வலிக்கவும் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இவ்வளவு லேசான ஒரு காரியத்துக்கா மலையில் அத்தனை முழங்கால்?

"கையத் தொறங்க," என்றான் இராமையா.

திறந்தான். ஒரு மணி சிந்தவில்லை.

"அவ்வளவுதான் தம்பி. வந்துருச்சு."

பழனியாண்டி எழுந்து உடுப்பைத் தட்டிக்கொண்டான். நன்றி சொல்வதற்கு ஏற்ற இடம் அது. அவன் சொன்னது: "இது விழுந்ததுல சேராதுண்ணே. அரிசி சிந்தலையே."

அடுத்த நாலு வாரமும் இராமையா அவனைத் தள்ளினான். முதலில் அரிசியோடு, பிறகு அரை அரிசியோடு, பிறகு வெறுங்கையோடு. தள்ளும்போதெல்லாம் அதே ஒரு சொல்: நாடி. கொழும்பிலிருந்து பரீட்சை எடுக்க வந்தவர் பழனியாண்டியின் விழுகையைப் பார்த்து, இவ்வளவு பெரிய உடம்பு இப்படி உருளுகிறதே என்று பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். மஞ்சள் பெல்ட் கிடைத்தது. பழனியாண்டி அதை எல்லோருக்கும் விளக்கினான்: தான் விழவில்லை, உருண்டதுதான், இரண்டுக்கும் நிறைய வித்தியாசம், விழுவதற்கு இராமையா அண்ணன் இருக்கிறார். பெல்ட்டைக் கட்டிக்கொண்ட மறுநாளும் வாசலில் கேட்டான், "என்னாண்ணே, இன்னைக்கு எத்தன?"

"ஏழு," என்றான் இராமையா. பிறகு, கொஞ்சம் தயங்கி, "தம்பி, அந்த ஹோட்டலுக்கு நானும் எழுதிப் போட்டிருக்கேன். கூப்புட்டிருக்காங்க. வெள்ளிக்கிழம பத்து மணிக்கு. நம்மகிட்டயும் மஞ்சள் இருக்குல்ல," என்றான். "புள்ளய வாற வருசம் பள்ளிக்கூடம் சேக்கணும். மண்டபத்துல குடுக்கிறது..." மிச்சத்தைக் கையால் காட்டினான்.

"நல்லது. காவலாளிகள்னுதானே போட்டிருந்தான். ரெண்டு பேரும் போவோம்."

வெள்ளிக்கிழமை இருவரும் கண்டிக்கு வந்து, அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினார்கள். இராமையா சான்றிதழை ஒன்பது வருஷத்து மடிப்போடு கொண்டுவந்திருந்தான். பழனியாண்டி வழி முழுவதும் புத்தி சொன்னான்.

"கேட்டா, விழுவேன்னு மட்டும் சொல்லிறாதீங்க. காவக்காரனுக்கு அது ஒரு தகுதியாண்ணே? கள்ளன் வந்தா நீங்க விழுந்து காட்டுவீங்களா?"

"சொல்லல தம்பி."

"நெஞ்ச நிமித்தி நில்லுங்க. நிக்கிறதுதான் வேல."

ஹோட்டலின் பின்பக்கத்தில் புல்தரை இருந்தது. அதற்கு அப்பால் நீந்துகிற குளம். அதற்கு அப்பால் மலை. பாதுகாப்பு மேனேஜர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு சான்றிதழையும் வாங்கிப் பார்த்தார். சிங்களத்தில் பேசினார், இருவருக்கும் அது தடையில்லை. வெற்றிடம் மூன்று இருந்ததாகவும், இரண்டு போன கிழமை நிரம்பிவிட்டதாகவும், இன்றைக்கு ஒருவரைத்தான் எடுக்க முடியும் என்றும் சொன்னார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பிறகு அவர் வேலையை விளக்கினார். பகலில் வாசல் காவல். கதிரை உண்டு. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் ஒரு சின்ன மேலதிக வேலை. ஹோட்டல்காரருடைய மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருக்கிறார். ஜூடோவும் படித்திருக்கிறார். குளத்தோரம் வெள்ளைக்காரர்கள் தேநீர் குடிக்கும்போது ஒரு காட்சி நடத்துவார்: கள்ளன் ஒருவன் வந்து ஒரு பெண்மணியின் பையைப் பறிப்பான், சின்ன முதலாளி கள்ளனைத் தூக்கி எறிவார். கள்ளனாகக் காவலாளிதான் வர வேண்டும். அதற்காகத்தான் மஞ்சள் பெல்ட் கேட்டது. முந்தின காவலாளிக்கு விழத் தெரியாமல் தோள் எலும்பு போய்விட்டது.

பழனியாண்டி இதைக் கேட்டுச் சிரிக்கப் பார்த்தான். மேனேஜரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

சின்ன முதலாளி வந்தார். இருபத்திரண்டு வயது, வெள்ளை வெளேரென்ற உடுப்பு, கறுப்பு பெல்ட், மெலிந்த மணிக்கட்டு. முதலில் இராமையா. இராமையா குனிந்து வணங்கிவிட்டு நின்றான். சின்ன முதலாளி கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார்; இழுத்தது போதவில்லை; போதாததை இராமையா தானே போட்டு நிரப்பிக்கொண்டு காற்றில் ஏறி, புல்லில் இறங்கினான். கொடியிலிருந்து துணி விழுகிற மாதிரி. சத்தமே கேட்கவில்லை. மூன்று தடவை. மூன்று மாதத்தில் பழனியாண்டி பார்க்காதுபோன எல்லாம் அந்த மூன்று தடவையில் இருந்தன. பார்க்கத் தெரிந்தவனாக இப்போதுதான் ஆகியிருந்தான்.

சின்ன முதலாளி உதட்டைப் பிதுக்கினார். மேனேஜரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மேனேஜர், "சத்தம் இல்லையாம். ஆளும் ஒல்லி. எறிந்த மாதிரித் தெரியவில்லையாம்," என்று இராமையாவுக்குச் சிங்களத்தில் சொன்னார்.

"புல்லுல சத்தம் வந்தா அடிபடுதுன்னு அர்த்தம் சேர்," என்றான் இராமையா மெதுவாக. அதை மேனேஜர் மொழிபெயர்க்கவில்லை.

பழனியாண்டியின் முறை. கால்களை அகட்டி நின்றான். சின்ன முதலாளி பிடித்து இழுத்தார். பழனியாண்டி நின்றான். இடுப்பைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தார். நின்றான். இரண்டாம் தடவை. சின்ன முதலாளியின் காது சிவந்தது. குளத்தோரத்துக் குடையின்கீழ் இருந்த வெள்ளைக்காரக் கிழவரும் மனைவியும் திரும்பிப் பார்த்தார்கள். பழனியாண்டிக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து, என்று உள்ளுக்குள் தொடங்கினான்.

மேனேஜர் பக்கத்தில் வந்து, உடுப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, காதில் சொன்னார். நிற்கத் தெரிந்தவர்கள் வாசலில் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். இன்னும் ஒரு தடவை இழுப்பார். அவ்வளவுதான்.

பழனியாண்டி புல்தரையின் ஓரத்தைப் பார்த்தான். இராமையா அங்கே உட்கார்ந்து முழங்காலில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். நான் விழாமல் நின்றால் அவனுக்குக் கிடைக்கும். ஒல்லியாக இருந்தாலும் சத்தம் வராவிட்டாலும் அவன்தான் மிஞ்சுவான். இதைப் பழனியாண்டி தெளிவாக நினைத்தான். நினைத்தபோதே, மலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறுகிற அம்மாவையும் தெளிவாகப் பார்த்தான். பெருந்தன்மைக்கு அவகாசம் போதவில்லை. சின்ன முதலாளியின் கை மறுபடி பட்டையைப் பிடித்துவிட்டது.

இழுத்தார். புல்தரையின் ஓரத்திலிருந்து ஒரு குரல், யோசிக்காமல், வெறும் பழக்கத்தில், "நாடி," என்றது.

பழனியாண்டியின் நாடி நெஞ்சோடு ஒட்டியது. காலைத் தரையிலிருந்து பறித்து, எண்பத்தைந்து கிலோவையும் தானே தூக்கி, சின்ன முதலாளியின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்ப் புல்லில் போட்டான். குடையின்கீழ் பீங்கான் கோப்பைகள் கிணுகிணுத்தன. வெள்ளைக்காரக் கிழவர் எழுந்து நின்று கைதட்டினார். சின்ன முதலாளி தன் கைகளை ஆச்சரியமாகப் பார்த்தார், பிறகு நம்பிவிட்டார்.

"இவன்," என்றார் மேனேஜரிடம். அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இராமையாவின் சான்றிதழ் பழைய மடிப்பிலேயே மடிக்கப்பட்டுத் திரும்பிவந்தது. அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பழனியாண்டி கிடந்த இடத்துக்கு வந்தான். கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"நல்லா விழுந்தீங்க தம்பி," என்றான். "கை ஊணல."

அதில் குத்தல் இருக்கிறதா என்று பழனியாண்டி அவன் முகத்தில் தேடினான். இருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இராமையா யோசித்துத்தான் சொல்லியிருந்தான்.

"அண்ணே, நான்..."

"பதினொன்னரைக்கு ஒரு பஸ் இருக்கு. அத விட்டா ஒரு மணிக்குத்தான். மண்டபம் இன்னும் கூட்டல," என்றான் இராமையா. சமையலறைப் பக்கத்து வழியாக இறங்கிப் போனான். புல்தரையில் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் புல்கூட மடங்கியிருக்கவில்லை.

குடையின்கீழ் இருந்த கிழவி கமராவை எடுத்திருந்தாள். முதல் தடவை படம் பிடிக்கத் தவறிவிட்டதாம். இன்னொரு தடவை முடியுமா என்று கேட்டாள். சின்ன முதலாளி முடியும் என்றார். எத்தனை தடவை வேண்டுமானாலும் முடியும் என்றார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து பழனியாண்டியின் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். இந்தத் தடவை தவறான இடத்தில், காதுக்குக் கீழே, அப்படி இழுத்தால் துணிதான் கிழியும்.

பழனியாண்டி அந்த மெலிந்த கையைப் பக்குவமாக எடுத்து, இரண்டு விரல் கீழே, சரியான இடத்தில் வைத்துக் கொடுத்தான். கிழவி கமராவைக் கண்ணில் வைக்கும்வரை காத்திருந்தான். பிறகு இழுப்பு வருவதற்கு முன்பே குதிகாலை உயர்த்திக்கொண்டான்.